குடைத்துணிக் காக்கா

காலை ஆறரை மணிக்குப் பின்பக்கக் கதவைத் திறக்கும்போது என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் அந்தச் சிரிப்பு எனக்குப் பத்துத் தடவை கிடைத்திருந்தால் அதிகம். குருவிகளுக்குத் தினமும் கிடைக்கிறது. பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

எங்கள் வீடு புதுச்சேரி மூலக்குளத்தில், வில்லியனூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி மூன்றாவது தெருவில் இருக்கிறது. பின்பக்கம் பெரிய தோட்டம் என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். ஒரு துவைக்கிற கல், ஒரு கொய்யா மரம், ஒரு முருங்கை, மீதியெல்லாம் சிமெண்ட். கொய்யாக் கிளையில் ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்று தொங்குகிறது. கேனின் இடுப்பில் ஓட்டை போட்டு, குறுக்காக இரண்டு மரக்கரண்டிகளைச் செருகியிருக்கிறார். குருவி கரண்டிக் காம்பில் உட்கார்ந்து, குழியில் வந்து விழுகிற தானியத்தைக் கொத்தும். நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் கரண்டிகள் என் சமையலறையில் இருந்தவை. நான் இரண்டு நாள் தேடினேன்.

"அல்வா கிண்டற கரண்டி எங்க?" என்று கேட்டால், "நீ கடைசியா எப்ப அல்வா கிண்டின?" என்று திருப்பிக் கேட்டார்.

அவருக்கு டவுனில் மூக்குக் கண்ணாடிக் கடை. அவருடைய அப்பா ஆரம்பித்தது. சர்க்கரை ஏறி, கால் மரத்துப்போக ஆரம்பித்ததும், காலை வேளையைத் தம்பி மகன் பொறுப்பில் விட்டுவிட்டு, இவர் சாயங்காலம் மட்டும் போய்வருகிறார். நான் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். முப்பது வருஷம் ஊசி போட்ட கை. குரலும் அப்படியே ஆகிவிட்டது என்பார் இவர். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அன்றிலிருந்து இன்றுவரை நர்ஸம்மாதான்.

அன்று என்றால், வேலையில் சேர்ந்த புதிதில் எனக்குத் தலைவலி வந்த அன்று. கண்ணாடி போடச் சொன்னார்கள். இவர் கடைக்குப் போனேன். அளவெடுத்தார், மாட்டிவிட்டார், காதுக்குப் பின்னால் விரல் படாமல் சரிசெய்தார். விரல் படாமல் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. பத்து நாளில் திருகாணி தளர்ந்துவிட்டது என்று மறுபடி போனேன். அப்புறம் இன்னொரு பத்து நாளில். நாலாவது தடவை அவர் திருகாணியைப் பார்த்துவிட்டு, என்னையும் பார்த்துவிட்டு, "இது தானா தளர்றதில்ல. யாரோ நகத்தால திருப்பறாங்க" என்றார். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. "அடுத்த தடவ திருகாணியத் தொடாமலே வாங்க. நான் கடையிலதான் இருப்பேன்" என்றார்.

அவ்வளவுதான் எங்கள் காதல் கதை. அவர் டவுனில் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. நான் வில்லியனூரைத் தாண்டிய ஒரு கிராமத்தில் விவசாயி மகள். பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். நான் பெயரை மாற்றவில்லை, சாமியை மாற்றவில்லை. அவரும் மாற்றவில்லை. அவர் வீட்டில் ஒரு வருஷம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். மகள் பிறந்ததும் சரியாகிவிட்டார்கள். எங்கள் வீட்டில் அம்மா வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து, அழுது, சாப்பிட்டு, பேத்தியின் கன்னம் வழித்து நெட்டி முறித்துவிட்டுப் போனாள், அவள் இருந்தவரைக்கும். அப்பா மட்டும் வரவில்லை.

"அவ வீட்ல நான் கை நனைக்க மாட்டேன்" என்று அப்பா சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய வார்த்தை கிடையாது. ஒருவர் வீட்டில் சாப்பிட்டால் உறவை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். சாப்பிட மாட்டேன் என்றால் நீ எனக்கு யாரோ.

அப்பாவின் வீம்பு எப்படிப்பட்டது என்று ஒன்று சொன்னால் போதும். அவருக்குக் கண்ணில் புரை விழுந்தபோது கோரிமேட்டுக்குத்தான் பஸ் ஏறி வந்தார், நான் வேலை பார்க்கிற அதே ஆஸ்பத்திரிக்கு. வரிசையில் தூரத்தில் அவரைப் பார்த்துவிட்டேன். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் சீட்டு. முன்னால் அறுபது பேராவது நின்றார்கள். நான் சீட்டு எழுதுகிற அக்காவிடம் சொல்லி அவர் சீட்டை முன்னால் எடுத்து வைக்கச் செய்தேன். அவரைக் கூப்பிட்டார்கள். அப்பா ஒரு நிமிஷம் சுற்றிலும் பார்த்தார். என்னைப் பார்த்தாரா என்று தெரியாது. சீட்டை வாங்கிக்கொண்டு நேராக வரிசையின் வாலுக்குப் போய் நின்றுகொண்டார். முதலில் நின்ற இடத்துக்குக்கூட இல்லை, கடைசிக்கு! இரண்டு மணி வரைக்கும் நின்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு வார்டில் யாரும் என் பக்கத்திலேயே வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து இவரிடம் சொல்லி அழுதேன். இவர் கேட்டுவிட்டு, "உன் அப்பாதான், சந்தேகமே இல்ல" என்றார்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இவர் அப்பாவைப் போய்க் கூப்பிடப் பார்க்கவே இல்லை என்று நினைக்கக் கூடாது. மூன்று தடவை கிளம்பினார். கல்யாணமான மறுவாரம், மகள் பிறந்தபோது, இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது. ஒவ்வொரு தடவையும் வெள்ளைச் சட்டை போட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வாங்கி வைத்துக்கொண்டு நின்றார். மூன்று தடவையும் நான்தான் தடுத்தேன். "போனா வாசல்லயே நிக்க வச்சுப் பேசுவாரு. நீங்க அவமானப்படறத நான் பாக்கணுமா?" என்று கத்தினேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டார். வாழைப்பழத்தை நாங்களே சாப்பிட்டோம்.

போன வருஷம் ஐப்பசியில் அப்பா போய்விட்டார். நான் போய்ப் பார்த்தேன். இவர் ஊர் முனையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வர யாரும் சொல்லவில்லை, வரக் கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை. காரியமெல்லாம் முடிந்து ஒரு மாசம் கழித்து என் தம்பி பைக்கில் ஒரு சாக்கைக் கட்டிக்கொண்டு வந்தான்.

"இன்னாடா இது?"

"கம்புக்கா. அப்பா கடைசியா போட்டது. வீட்ல யாரும் கம்பு திங்கறதில்ல."

"அப்பா குடுக்கச் சொன்னாரா?"

தம்பிக்குப் பொய் சொல்லத் தெரியாது. சின்ன வயசிலிருந்தே அதுதான் அவனிடம் பெரிய தொந்தரவு. "இல்லக்கா" என்றான்.

அந்தச் சாக்கு எங்கள் மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. கூழ் காய்ச்சலாம் என்று எடுப்பேன், கை வராது. தூக்கிப் போடவும் மனசு வராது. நாலு மாசத்தில் வண்டு வைக்க ஆரம்பித்தது. "நர்ஸம்மா, இத வண்டுக்குக் குடுக்கறதுக்குக் குருவிக்குக் குடுக்கலாம். பறவைக்குப் போட்டா நன்மைன்னு எங்க அம்மா சொல்லுவாங்க" என்றார் இவர். அப்படித்தான் என் கரண்டிகள் காணாமல் போயின.

முதலில் சிட்டுக்குருவிகள் வந்தன. அப்புறம் சில்லைகள். நெஞ்சில் புள்ளி புள்ளியாக மீன் செதில் போட்ட மாதிரி இருக்கும், கட்டை விரல் அளவுக் குருவி. சின்ன வயசில் இதே குருவியை விரட்டத்தான் அப்பா என்னைக் கம்பங்கொல்லையில் தகர டப்பாவோடு நிறுத்துவார். தட்டித் தட்டிக் கை கன்றிப்போகும். இப்போது அதே அப்பாவின் கம்பைக் கேனில் நிரப்பி, வாங்க வாங்க என்று கூப்பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தோம். அவர் பார்த்திருந்தால் டப்பாவை என் தலையில் தட்டியிருப்பார்.

இவர் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து, கடையிலிருந்து கொண்டுவந்த பைனாகுலரில் பார்ப்பார். பத்தடி தூரத்துக்கு எதற்கு பைனாகுலர் என்று கேட்டால், "புள்ளிய எண்ணணும்ல" என்பார். நான் காப்பியோடு பக்கத்தில் உட்காருவேன். ஓய்வு பெற்ற பிறகு எங்களுக்குள் பேச்சே குறைந்துபோயிருந்தது. மாத்திரை போட்டீங்களா, போட்டேன். கரண்ட் பில் கட்டியாச்சா, ஆச்சு. அவ்வளவுதான். குருவி வந்த பிறகு பேச்சு வந்தது. எந்தக் குருவி எதோடு ஜோடி, எது திருடன், எது சோம்பேறி என்று ஊர்வம்பு மாதிரி மணிக்கணக்காகப் பேசினோம். சில்லைகள் கரண்டிக் காம்பில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உட்காரும். அவ்வளவு நீளக் காம்பில் இடமா இல்லை? ஒட்டித்தான் உட்காரும். நாங்களும் அந்தக் கல்லில் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை ஒருநாள் கவனித்தேன். எழுந்திருக்கவில்லை.

காதல் என்பது என்ன என்று இந்த வயசில் யாராவது கேட்டால், எனக்குச் சொல்லத் தெரிந்தது இதுதான்: இரண்டு பேர் ஒரே திசையில் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு, காப்பி ஆறிப்போவதைக் கவனிக்காமல் இருப்பது.

இந்த நிம்மதிக்கு வில்லனாக வந்தவை காக்காக்கள். கேனின் மேல் ஏறி ஆட்டும். கரண்டியில் உட்கார முடியாது, அதனால் கேனையே கவிழ்க்கும். ஒருநாள் ஒரு காக்கா சில்லைக் குஞ்சு ஒன்றைத் துரத்திக்கொண்டு போனது. எனக்கு வந்ததே கோபம்! இவருடைய பழைய கறுப்புக் குடை கம்பி ஒடிந்து மூலையில் கிடந்தது. துணியைக் கிழித்து, உள்ளே பஞ்சு அடைத்து, இரண்டு இறக்கை வைத்து, நானே கையால் தைத்தேன். வடாம் காயப் போட்டால் இப்படி ஒன்றைத் தொங்கவிடுவது எல்லோருக்கும் தெரிந்த வேலைதான். ஆனால் நான் செய்த காக்கா நிஜக் காக்கா தோற்றுப்போகும். தலைகீழாகக் கொய்யாக் கிளையில் கட்டித் தொங்கவிட்டேன்.

அன்றைக்கு மூலக்குளத்துக் காக்காக்கள் எல்லாம் எங்கள் வீட்டு மேல் கூடி, ஒரு மணி நேரம் ஒப்பாரி வைத்தன. பக்கத்து வீட்டுத் தாத்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா முசியே, யாரு செத்தது?" என்று இவரைக் கேட்டார். ஐயா என்பதற்கு அவர் வாயில் பிரெஞ்சு முசியேதான் வரும். மறுநாளிலிருந்து ஒரு காக்கா வரவில்லை. எங்கள் தெருவுக்குள்ளேயே வரவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்படியே ஆறு மாசம் போனது. அப்பாவுக்கு வருஷம் திரும்பியது.

நாலு நாள் முன்னால் தம்பி போன் செய்தான். "வர்ற புதன்கிழம படைக்கறோம்க்கா. பெரியப்பா, பங்காளிங்க எல்லாம் வராங்க. நீ வா." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "தனியா வாக்கா" என்றான்.

"முப்பத்தோரு வருஷமா நான் தனியா எங்கயும் போனதில்லடா. நான் இங்கயே படைச்சுக்கறேன்" என்று சொல்லி போனை வைத்தேன்.

இவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "போய்ட்டு வாயேம்மா. நான் டீக்கடையில உக்காந்துக்கறேன். அந்த பெஞ்சு எனக்குப் பழக்கம்தான்" என்றார். நான் முறைத்த முறைப்பில் எழுந்து போய்விட்டார்.

புதன்கிழமை விடியலில் குளித்து, சாம்பார், வாழைக்காய் வறுவல், பூசணிக்காய்க் கூட்டு, பாயசம், உளுந்து வடை என்று அப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் செய்தேன். அப்பாவின் போட்டோ ஒன்றுகூட என்னிடம் இல்லை. ஒரு விளக்கை மட்டும் ஏற்றிக் கும்பிட்டேன். பதினோரு மணிக்கு வாழை இலையில் எல்லாவற்றையும் வைத்து, பின்பக்கச் சுவரோரம் துவைக்கிற கல்லின் மேல் வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டேன். காக்கா தொட்டால் அப்பா சாப்பிட்ட மாதிரி. அதற்கப்புறம்தான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடலாம். அப்பா உயிரோடு இருந்தபோது வராத வீட்டுக்கு இப்போதாவது வருவாரா என்பதுதான் எனக்குக் கேள்வி. வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

வரவில்லை. பன்னிரண்டு ஆயிற்று. ஒரு மைனா வந்து சாதத்தைக் கொத்தப் பார்த்தது. சூ என்று விரட்டினேன்.

"மைனா கணக்குல வராதா?" என்று இவர் கேட்டார்.

"எங்க அப்பா மைனாவா வர மாட்டாரு."

அணில் வந்தது, விரட்டினேன். எறும்பு வந்தது, இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டேன். சில்லைகள் கொய்யாக் கிளையில் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. மாடிக்குப் போய்க் கூப்பிட்டேன். தொண்டை கட்டிவிட்டது. கீழே இறங்கி வந்து நிமிர்ந்து பார்க்கிறேன், கொய்யாக் கிளையில் தலைகீழாக நான் தைத்த காக்கா காற்றில் மெதுவாக ஆடிக்கொண்டிருக்கிறது.

அடிப் பாவி! என் வாயிலிருந்து அதுதான் வந்தது. அப்பா எந்த ரூபத்தில் வருவாரோ அந்த ரூபத்தையே பஞ்சு அடைத்துத் தூக்கில் தொங்கவிட்டிருக்கிறேன். அதுவும் இவரை அப்பா வாசலில் நிற்க வைத்துப் பேசுவார் என்று பயந்தவள், அப்பாவையே பின்வாசலில் தொங்கவிட்டிருக்கிறேன். குருவி பார்க்கிற சந்தோஷத்தில் ஐப்பசி வரும், காக்காவைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. இவர் ஸ்டூல் போட்டு ஏறி முடிச்சை அவிழ்த்தார். மரத்துப்போன காலை வைத்துக்கொண்டு ஏறியவரைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. அந்தக் காக்காவை ஒரு பையில் போட்டு கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

மணி ஒன்று. "நீங்க சாப்பிடுங்க. சர்க்கர எறங்கிடும்" என்றேன்.

"மாமா சாப்பிடாம நான் எப்படிச் சாப்பிடறது? மாப்பிள்ளைக்கு ஒரு மரியாத இல்லையா?" என்றார்.

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை. அப்பா ஒரு நாளும் இவரை மாப்பிள்ளை என்று சொன்னதில்லை. மனசு கேட்காமல் தம்பிக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

"இங்க பதினொன்ற மணிக்கே வந்துடுச்சுக்கா. ஏழெட்டு காக்கா. நாங்க சாப்ட்டு முடிச்சுட்டோம்."

"இங்க வரலடா" என்றேன். அதற்குமேல் அடக்க முடியவில்லை. "செத்தும் அந்த வீம்பு போகல பாரு. என் வீட்ல கை நனைக்கவே மாட்டாரு."

தம்பி சொன்னான். "அக்கா, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. நீ வீடு கட்டிக் குடிபோனப்போ, ஒரு எட்டு போய்ட்டு வந்துடலாம்னு அம்மா கேட்டாங்க. அதுக்கு அப்பா, 'கூப்பிடாத வூட்டுக்கு எப்படிடி போறது? அந்த ஆளு ஒரு நாளாவது வந்து என்னைக் கூப்ட்டானா?'ன்னு கேட்டாரு. ராத்திரி சாப்பிடக்கூட இல்ல."

"இத ஏன்டா இத்தன வருஷமா சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையேக்கா."

போனை வைத்துவிட்டு நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று தடவை. தட்டும் கையுமாக இவர் கிளம்பி நின்ற மூன்று தடவையும் என் கண்ணுக்குள் வந்தது. அவமானப்படுவார் என்று இவருக்காகத் தடுத்தேன் என்றுதான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். அப்பா வர மாட்டேன் என்று நேராகவே சொல்லிவிடுவாரோ என்று எனக்குத்தான் பயம். இவர் 'நான் அன்னைக்கே சொன்னேன்ல' என்று சொல்லியிருக்கலாம். சொல்ல முழு உரிமை உண்டு. நான் அதற்காகக் காத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சாமி விளக்கின் முன்னால் நான் வைத்திருந்த வெற்றிலை பாக்கையும் பழத்தையும் ஒரு தட்டில் எடுத்து வைத்தார். பக்கத்தில் ஏழெட்டு வடை.

"எங்க?" என்றேன்.

"கூப்ட்டு வரேன்."

தெருமுனைக் கறிக்கடைக்கு எதிரே கரண்ட் கம்பியில் எப்போதும் காக்காக் கூட்டம் இருக்கும். அங்கே போய் நின்றார். நான் பின்னாலேயே ஓடினேன். நடுவெயிலில், இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு, கம்பியை நிமிர்ந்து பார்த்து, கடையில் வயசானவர்களோடு பேசுகிற அதே மரியாதையான குரலில் பேசினார்.

"மாமா, நான்தான் உங்க பொண்ணு வூட்டுக்காரன். வந்து கூப்பிடாதது என் தப்புதான். மனசுல வச்சுக்காதீங்க. வீட்டுக்கு வாங்க, ஒரு வாய் சாப்ட்டுப் போங்க."

என் தப்பை அவர் தப்பு என்றார். கறிக்கடைக்காரர் கத்தியை வைத்துவிட்டுப் பார்த்தார். நான் நடுத்தெருவில் நின்று அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன?

ஒரு துண்டு வடையைப் பிய்த்துக் கீழே போட்டார். ஒரு காக்கா இறங்கியது. பத்தடி நடந்து இன்னொரு துண்டு. அப்படியே போட்டுக்கொண்டே, "வாங்க மாமா, இப்படி வாங்க" என்று வழி காட்டிக்கொண்டே தெருவில் நடந்தார். பின்னால் நாலைந்து காக்கா. அவற்றுக்குப் பின்னால் நான். பென்ஷன் தாத்தா மாடியிலிருந்து, "முசியே, ஊர்வலம் யாருக்கு?" என்று கத்தினார்.

"எங்க மாமனாரு வராரு!" என்று இவரும் கத்திச் சொன்னார்.

கேட்டைத் திறந்து, பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்பக்கம் போனோம். ஒரே ஒரு காக்கா மட்டும் சுவர் மேல் வந்து உட்கார்ந்தது. மற்றவை எதிர்வீட்டு மாடியோடு நின்றுவிட்டன. அது கழுத்தைச் சாய்த்துக் கொய்யாக் கிளையைப் பார்த்தது. கிளை காலியாக இருந்தது. நாங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால், மூச்சு விடாமல் நின்றோம். அவர் கை சில்லென்று நடுங்கியது. சர்க்கரை இறங்கத் தொடங்கியிருந்தது. "ஒரு சாக்லேட்டாவது போடுங்க" என்று காதில் சொன்னேன். தலையை ஆட்டி மாட்டேன் என்றார். அப்பாவுக்கு ஏற்ற ஆள்தான்.

காக்கா கீழே இறங்கியது. இலையைப் பார்த்தது. சாம்பார், கூட்டு, பாயசம், வடை எல்லாவற்றையும் தாண்டி நடந்தது. கேனுக்குக் கீழே சிமெண்ட்டில் சிந்திக் கிடந்த கம்பு மணிகளிடம் போய், ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்றது. எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. சீட்டை முன்னால் எடுத்து வைத்தாலும் கடைசிக்குப் போகிற மனுஷன்! தன் கம்பைத்தான் முதலில் தின்பார்.

வடை வாசனைக்கு வந்த காக்கா அது என்று எனக்கும் தெரியும். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தவள் நான், யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். தெரிந்துகொண்டேதான் கையைக் கூப்பி நின்றேன்.

கம்பு தீர்ந்ததும் அது நிமிர்ந்து பார்த்தது. துவைக்கிற கல்லுக்குத் தாவியது. இலையின் ஓரத்தில் நின்று, சாதத்தை ஒரு வாய் எடுத்தது. அப்புறம் இன்னொரு வாய்.

"மாமா கை நனைச்சுட்டாரு" என்றார் இவர்.

அவரை அங்கேயே, கதவுப் படியில் உட்கார வைத்தேன். முதலில் பாயசத்தை டம்ளரில் கொடுத்துக் குடிக்க வைத்தேன். அப்புறம் இலை போட்டேன். ஆறடி தள்ளிக் கல்லின் மேல் அப்பா, படியில் இவர். முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக மாமனாரும் மாப்பிள்ளையும் ஒரே வேளையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

நான் நடுவில் நின்று பரிமாறினேன்.